கொள்ளி வைத்தவருக்கு: பதினாறு நாளும் ஒரு வருடமும்

அப்பா இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, போஸ்டர் அடிக்கும் கடையிலிருந்து போன் வந்தது. "அண்ணே, சிவலோக பதவின்னு போடவா, வைகுண்ட பதவின்னு போடவா, இல்ல இயற்கை எய்தினார்னு போட்டுரவா?" அவருக்கு மூன்றும் ஒரே அச்சு, ஒரே கூலி. எனக்குத்தான் பதில் வரவில்லை. அப்பா திருநீறு பூசுகிறவர், அதே சமயம் புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் தளிகை போடச் சொல்கிறவர். கடைசியில் சித்தப்பா போனை வாங்கி "சிவலோகம்னே போடு" என்று முடித்தார்.

அடுத்த பதினாறு நாளும் அதற்கப்புறம் ஒரு வருடமும் நான் செய்த ஒவ்வொரு காரியத்திலும் அந்தக் கடைக்காரரின் கேள்விதான் வேறு வேறு உருவில் வந்தது. இந்த உயிர் எங்கே போகிறது, வழியில் அதற்கு என்ன தேவை, அதில் நம் வேலை என்ன. முதல் தடவை தர்ப்பைப் புல்லைக் கையில் வாங்கி உட்காரும் ஒருவருக்கு இது தெரிந்திருந்தால் பாதி பதற்றம் குறையும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நான் காரியம் செய்துவைக்கும் வாத்தியாரும் இல்லை, ஓதுவாரும் இல்லை. சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் முறை மாறும். உங்கள் வீட்டு வழக்கமும் நான் சொல்வதும் முட்டிக்கொண்டால் வீட்டில் மூத்த அத்தையோ பெரியம்மாவோ சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் ஒரு பேப்பர், ஒரு பேனா

அழுகைக்கு நடுவே ஒருவராவது இறந்த நேரத்தை நிமிடக் கணக்காக எழுதி வைக்க வேண்டும். பின்னால் வருடா வருடம் வரும் திதி அதை வைத்துத்தான். ஆங்கிலத் தேதி பத்திரம் பதிவதற்கு, திதி கொடுப்பதற்கு உதவாது. தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, என்ன நட்சத்திரம், இந்த நான்கும் வேண்டும். திதி நள்ளிரவில்தான் மாறும் என்றில்லை, மத்தியானம் 2 மணிக்குக்கூட மாறும். அதனால் "மதியம் போல போனார்" என்று எழுதி வைத்தால் பத்து வருடம் கழித்து பங்காளிகளுக்குள் தகராறு வரும். இன்னொன்று, வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரம் சில மணி நேரம் முன்பின் இருக்கும். எதைப் பார்த்துக் குறித்தீர்களோ அதன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், கடைசிவரை அதையே பாருங்கள்.

நட்சத்திரம் எதற்கு என்றால் அடைப்பு பார்ப்பதற்கு. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி ஆகிய ஐந்தில் இறந்தால் தனிஷ்டா பஞ்சமி, 6 மாதம் அடைப்பு என்பார்கள். வேறு சில நட்சத்திரங்களுக்கும் குறைந்த மாதக் கணக்கில் உண்டு, பஞ்சாங்கத்திலேயே போட்டிருக்கும். உயிர் பிரிந்த அறையை அத்தனை மாதம் பூட்டி வைப்பதும் விளக்கு வைப்பதும் அப்போதுதான். ஒரே அறை உள்ள வீட்டில் என்ன செய்வது? எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அவர் படுத்திருந்த மூலையில் மட்டும் ஒரு தட்டியை வைத்து மறைத்துவிட்டு மற்ற இடத்தில் வழக்கம்போல் இருந்தார்கள், ஒரு குறையும் வரவில்லை.

பேப்பரும் பேனாவும் கையில் இருக்கும்போதே இதையும்: இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவர் சான்று, ஆதார் நகல் இரண்டையும் காரியம் பார்க்கும் ஆளிடம் கொடுக்காமல் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். ஆதாரில் உள்ள எழுத்து மாறாமல் பெயர் பதிவாகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பென்ஷன் அலுவலகத்தில் சித்திரகுப்தனைவிடக் கறாராகக் கேட்பார்கள்.

பத்தாயம்

காரியத்துக்குள் போகும் முன் வினைக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம். இது புரியாமல் உட்கார்ந்தால் யார் என்ன சொன்னாலும் பயம் வரும்.

எங்கள் பக்கம் பழைய வீடுகளில் பத்தாயம் இருக்கும். போன போகம், அதற்கு முந்தின போகம், தாத்தா காலத்து விதைநெல்வரை எல்லாம் அதில் கிடக்கும். பிறவி பிறவியாகச் சேர்ந்த வினை அப்படி, அதற்குச் சஞ்சிதம் என்று பெயர். பத்தாயத்தின் மதகைத் திறந்து இந்த வருடச் சாப்பாட்டுக்கு என்று கொஞ்சம் நெல் அளந்து எடுக்கிறோம் அல்லவா, அது பிராரப்தம். இந்தப் பிறவிக்கு என்று அளந்து கொடுத்தது, அரைத்தாகிவிட்டது, தின்றுதான் தீர வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே வயலில் இன்னொரு போகம் விதைக்கிறோம், அது ஆகாமியம். சைவர்கள் இதையே தொல்வினை, ஊழ்வினை, ஏறுவினை என்று தமிழில் சொல்வார்கள். உடம்பு விழுந்தது என்றால் அளந்து எடுத்த நெல் தீர்ந்தது என்று அர்த்தம். பத்தாயம் காலியாகவில்லை. நுண்ணுடல் அந்தச் சுமையையும் தூக்கிக்கொண்டுதான் கிளம்புகிறது.

சொர்க்கமும் நரகமும்கூட இந்தக் கணக்கில் நிரந்தர ஊர் இல்லை. கணக்கில் ஒரு பகுதி கழிகிற வரை தங்குகிற இடம், அவ்வளவுதான். கழிந்ததும் திரும்ப வர வேண்டும். எப்படி வருகிறது என்பதற்கு உபநிடதத்தில் ஒரு பாதை சொல்லியிருக்கிறது: புகையோடு மேலே போய், சந்திரனை அடைந்து, அங்கிருந்து மேகமாகி, மழையாகப் பெய்து, நெல்லாகவும் எள்ளாகவும் முளைத்து, அதை உண்பவனின் விந்தாகி, அப்புறம் கருவாக. இதைக் கேட்ட நாளிலிருந்து தட்டில் இருக்கும் சோற்றைப் பார்க்கிற விதமே எனக்கு மாறிவிட்டது. வினை முழுக்க அற்றவர்களுக்கு வேறு பாதை, அவர்கள் திரும்புவதில்லை.

சரி, இப்போது எல்லோருக்கும் வரும் சந்தேகம். வினை அவரவருடையது, சுமை அவரவர் முதுகில் என்றால் மகன் எள்ளும் தண்ணீரும் இறைத்து என்ன ஆகப்போகிறது? இதை நான் எங்கள் வாத்தியாரிடமே கேட்டேன். "தம்பி, உங்கப்பா கணக்குல நாம கைவைக்க முடியாது. ஆனா நடந்து போறவருக்குப் பசிக்கும்ல" என்றார். பதினாறு நாளும் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

நீர்க்குடத்திலிருந்து பத்தாம் நாள் வரை

சுடுகாட்டில் நீர்க்குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வரச் சொல்வார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை போடுவார்கள், கடைசியில் பின்பக்கமாக விட்டு உடைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்து, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். திரும்பிப் பார்க்காதே என்பது உங்களுக்கு இட்ட கட்டளை மாதிரித் தெரிந்தாலும் உண்மையில் அவருக்காகச் சொன்னது. உயிர் இன்னும் அந்த உடம்பையும் வீட்டையும் விட மனசில்லாமல் நிற்கிறது, நீங்கள் பார்த்தால் அதுவும் கூடவே கிளம்பிவிடும் என்று நம்பிக்கை. பாடையை வழியில் இறக்கித் திசை மாற்றி எடுப்பதும் இதற்குத்தான், வீட்டுக்குத் திரும்பும் வழி மறக்க வேண்டுமாம்.

மின்மயானமாக இருந்தால் இதையெல்லாம் வாசலிலேயே சுருக்கமாக முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அஸ்தியை அன்றைக்கே கொடுக்கிறார்களா, மறுநாளா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அதைப் பொறுத்துத்தான் பால் தெளிப்பும் காடாற்றும் வைக்க முடியும். அப்பா போனது பங்குனியில். மேட்டூர் திறக்க ஜூன் ஆகும், காவிரி முழுக்க மணல். வாழ்நாள் முழுக்க வாய்க்கால் மதகு திறந்த லஸ்கர் ஒருவருக்கு ஆற்றில் தண்ணீர் இல்லை. சித்தப்பா மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்கு ஊற்றுப் பறித்தார், கால் மணி நேரத்தில் கலங்கலாகக் கொஞ்சம் ஊறியது, தெளிகிற வரை காத்திருந்து அதிலேதான் எலும்பைக் கழுவினோம். அப்புறம் கலயத்தோடு பூம்புகாருக்குப் போய்க் கடலில் கரைத்தோம். கோடையில் காரியம் வந்தால் ஆற்றங்கரைக்கு இரண்டு குடம் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், ஊற்றை நம்ப முடியாது.

பிரேதம் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 'புறப்பட்டுப் போனது' என்பதுதான் அதன் அர்த்தம், பேய் இல்லை. கருட புராணம் சொல்லும் கணக்குப்படி எரிந்த உடம்புக்குப் பதிலாக இந்தப் பத்து நாளில் நாம் வைக்கும் பிண்டத்தால் ஒரு முழ அளவில் புது உடம்பு உருவாகிறது. முதல் நாள் தலை, இரண்டாம் நாள் கழுத்தும் தோளும், மூன்றாம் நாள் நெஞ்சு, நான்காவது முதுகு, ஐந்தாவது தொப்புள், ஆறில் இடுப்பு, ஏழில் தொடை, எட்டில் முழங்கால், ஒன்பதில் பாதம். பத்தாம் நாள் என்ன வருகிறது தெரியுமா? பசியும் தாகமும். உடம்பு முழுசாக வந்ததும் முதலில் பசிக்கிறது. பத்தாம் நாள் படையல் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று இப்போது புரியும். ஒவ்வொரு பிண்டத்தையும் நாலு பங்காக்கி, இரண்டு பங்கு உடம்புக்கும் ஒரு பங்கு எமதூதர்களுக்கும் மீதி ஒன்று இவர் சாப்பாட்டுக்கும் போகிறதாம். கூட்டிப் போகிறவர்களுக்கும் படி கொடுத்துத்தான் ஆக வேண்டும்போல.

பிராமணர் வீடுகளில் கல் ஊன்றி தினமும் செய்வார்கள். திலோதகம், அதாவது எள்ளுத் தண்ணீர், முதல் நாள் மூன்று, அப்புறம் நாளுக்கு ஒன்று கூடி பத்தாம் நாள் பன்னிரண்டு, ஆக மொத்தம் 75. துணியை நனைத்துப் பிழியும் வாசோதகம் நாளுக்கு மூன்று வீதம் 30. எண்ணிக்கை தவறிவிடும் என்று பயந்தால் விரல்விட்டு எண்ண ஒரு பையனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பதினோராம் நாள் அவருக்கு மட்டுமான ஏகோத்திஷ்டம், பன்னிரண்டில் சபிண்டீகரணம், பதின்மூன்றில் சுபம். மற்றவர்கள் வீட்டில் பெரும்பாலும் இவ்வளவையும் சேர்த்துப் பதினாறாம் நாள் கருமாதியில் படித்துறையில் முடிப்பார்கள், முடி இறக்குவதும் மாமன் மச்சான் உருமால் கட்டுவதும் அன்றுதான். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டி.

இதில் ஒரே ஒரு நிமிடத்தை மட்டும் தவறவிடாதீர்கள் என்பேன். சபிண்டீகரணத்தில் இறந்தவருக்கு என்று நீளமாக ஒரு பிண்டம் பிடித்து அதை மூன்றாக வெட்டச் சொல்வார்கள். ஒவ்வொரு துண்டையும் அவருடைய அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பிண்டங்களோடு வைத்துப் பிசைய வேண்டும். அந்த நொடியோடு அவர் பிரேதம் இல்லை, பிதுர். சோறும் எள்ளும் கையில் ஒட்டிக்கொண்டு எது யாருடைய பிண்டம் என்று தெரியாமல் கலந்துபோகிறபோதுதான் எனக்கு அழுகை வந்தது, சுடுகாட்டில் வரவில்லை. பக்கத்தில் போட்டோகிராபரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பதினாறு ஊர்

பதின்மூன்றாம் நாள் நடை தொடங்குகிறது. கருட புராணப்படி எமபட்டினம் 86,000 யோசனை (பழைய காலத் தூர அளவு) தள்ளி இருக்கிறது. வழியில் பதினாறு ஊர்கள்: சௌமியபுரம், சௌரிபுரம், நாகேந்திரபவனம், கந்தர்வபுரம் என்று போய், இமயத்தைவிட நூறு மடங்கு குளிர் அடிக்கும் சீதாட்டியம், கடைசியாகப் பகுபீதி. முதல் ஊரில் ஒரு ஆறும் ஆலமரமும் உண்டு, மர நிழலில் உட்கார்ந்ததும் மனைவி மக்கள் ஞாபகம் வந்து அழுகிறதாம். "எங்கே உன் பணம், எங்கே உன் பிள்ளை, உன் வினையை நீ தின்று" என்று தூதர்கள் எகத்தாளம் செய்கிறார்கள். ஆனாலும் அங்கேதான் நாம் மாதா மாதம் வைக்கும் மாசிகப் பிண்டம் வந்து சேர்கிறது, அதைத் தின்றுவிட்டு அடுத்த ஊருக்கு நடக்கிறது. எகத்தாளமும் சோறும் ஒரே இடத்தில்.

மாசிகமும் பதினாறுதான். மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு, இடையில் ஊன மாசிகம், திரைபட்சிகம், ஊன ஷாண்மாசிகம், ஊனாப்திகம் என்று நாலு. ஒவ்வொரு தடவையும் லீவு போட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். சபிண்டீகரணத்தைப் பன்னிரண்டாம் நாளே வைப்பதால் பதினாறையும் முன்கூட்டியே அன்றைக்கு ஒருமுறை செய்துவிடுவார்கள். அப்புறம் வருடம் முழுக்க அந்தந்த நாளில் திரும்பச் செய்வது நல்லது, எதற்குமே வழியில்லை என்றால் அன்றைக்கு ஒருவருக்கு வயிறாரச் சோறு போடுங்கள்.

பாதி வழியில் வைதரணி. ரத்தமும் சீழும் ஓடும் ஆறு, ஓடக்காரர்கள் "புண்ணியம் ஏதாவது வைத்திருந்தால் ஏறு" என்கிறார்கள். பசு தானம் கொடுத்தவர் அதன் வாலைப் பிடித்துக் கடந்துவிடலாம் என்பதுதான் கோதானத்துக்குக் காரணம். காசு கறப்பவர்கள் சரியாக இங்கேதான் நிற்பார்கள். ஒரு படித்துறையில் ஒருவர் என்னிடம் 40,000 ரூபாய்க்கு ஒரு ஹோமம் சொன்னார், செய்யாவிட்டால் அப்பா வைதரணிக் கரையிலேயே நாக்கு வறண்டு நிற்பார், அவர் பாவம் உங்கள் பிள்ளை தலையில் இறங்கும் என்றார். நான் பத்தாயத்தை நினைத்துக்கொண்டேன். ஒருவர் பாவத்தை இன்னொருவர் தலையில் இறக்கவோ, 40,000 கொடுத்து அழிக்கவோ முடியும் என்றால் அந்தக் கணக்கு எழுதும் சித்திரகுப்தன் எதற்கு? அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தோம். பசு வாங்கி வளர்க்க முடிகிறவருக்குக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் தேங்காயும் முடிந்த தட்சணையும் வைத்துக் கொடுப்பதை வாத்தியார்களே ஏற்றுக்கொள்கிறார்கள்.

செலவு பேசுவது பற்றி: பதினாறு நாளுக்கும் சேர்த்து, சாமான் அவருடையதா நம்முடையதா, தானங்கள் பொருளாகவா பணமாகவா, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று மூன்றாம் நாளே பேசி முடியுங்கள். வெட்கப்பட வேண்டாம். கறிகாய் பட்டியல் நீண்டால் ஒரு பழைய கதை கைகொடுக்கும். வசிஷ்டர் வீட்டுத் திவசத்தில் விசுவாமித்திரர் 1008 கறி கேட்டாராம். பாகற்காய் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலாக்காய் அறுநூறு என்று சொல்லி, கூட எட்டுக் கறி மட்டும் சமைத்துக் கணக்கை நேர் செய்தார்கள். இன்றும் திவசச் சமையலில் இந்த மூன்றும் இருந்தால் பேச்சே இல்லை.

வருடம் முடிந்தபின், அமாவாசையில்

ஒரு மாதம் நமக்கு முப்பது நாள், பிதுர்களுக்கு ஒரே நாள். அமாவாசை அவர்களுக்கு உச்சிப்பொழுது, சாப்பாட்டு நேரம். மாதா மாதம் முடியாதவர்கள் ஆடி, தை, புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசைகளையாவது விடுவதில்லை. வருடத் திதி அன்று, அந்தத் திதி பிற்பகலில் இருக்கிறதா என்று பாருங்கள், பகல் பொழுதை ஐந்தாகப் பிரித்தால் நாலாவது பங்கு, தோராயமாக 1.12லிருந்து 3.36 வரை.

அப்பா உயிரோடு இருப்பவர் தர்ப்பணம் செய்வதில்லை. மற்றவர்கள் வீட்டிலேயே செய்யலாம். காலையில் வாசலில் கோலம் போடாமல், குளித்து, தெற்குப் பார்த்து உட்காருங்கள். முன்னால் ஒரு தாம்பாளம். தர்ப்பைப் பவித்திரம் மோதிர விரலில். வலது உள்ளங்கையில் கொஞ்சம் கறுப்பு எள், இடது கையால் செம்பிலிருந்து தண்ணீர் விட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழியவிடுங்கள். விரல் நுனி வழியாக விட்டால் அது தேவர்களுக்கு, பிதுர்களுக்கு இந்த வழிதான். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று பெயர் சொல்லி மூன்று மூன்று தடவை, அப்புறம் அம்மா இல்லாதவர்கள் அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, கொள்ளுப்பாட்டி, பிறகு அம்மா பிறந்த வீட்டு வரிசை. மூன்று தலைமுறையும் வசு, ருத்திரன், ஆதித்தியன் என்று மூன்று தேவதைகளின் உருவம். அப்பா ஏற்கெனவே வேறெங்கோ பிறந்திருந்தால் எள் எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டால், இவர்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், அவர் மாடாய்ப் பிறந்திருந்தால் புல்லாக, மனிதராய்ப் பிறந்திருந்தால் சோறாக. முன்பெல்லாம் இதற்கு மணியார்டர் உதாரணம் சொல்வார்கள், எங்கள் வாத்தியார் ஜிபே என்கிறார்.

கோத்திரம் தெரியாவிட்டால் சிவகோத்திரம் என்று சொல்லச் சொல்வார்கள். மந்திரம் வராவிட்டால் தமிழிலேயே "அப்பா, எள்ளும் தண்ணியும் விடுறேன், ஏத்துக்குங்க" என்று சொல்லுங்கள். கொள்ளுத்தாத்தா பெயர் தெரியவில்லையா, பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

இவ்வளவும் ஆனபின் சட்டென்று எழுந்துவிடாதீர்கள், இன்னும் ஒரு கை பாக்கி இருக்கிறது. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, உறவும் இல்லை, தன் பெயரைச் சொல்ல ஒரு கோத்திரத்தானும் இல்லை என்று யார் யார் போனார்களோ அவர்கள் எல்லோருக்கும் என்று சொல்லி, மிச்சத் தண்ணீரை விட வேண்டும். அதை விட்ட பிறகுதான் பவித்திரத்தின் முடிச்சை அவிழ்க்கலாம். தாம்பாளத்துத் தண்ணீரைக் கால்படாத இடத்தில், ஒரு செடியின் அடியில் ஊற்றிவிட்டு வந்து வாசலில் கோலம் போடச் சொல்லுங்கள்.